பேய்ப் படத்தின் கடைசி ரீல்

1957, பிப்ரவரி 16, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். முந்தின நாள் லாரி நிரப்பிவிட்டுப் போன பீப்பாயின் மேல் மிதந்த தூசியை ஒதுக்கி, இரண்டு குடம் தண்ணீர் எடுத்துத் துணியில் வடிகட்டி வைத்தேன். பல் துலக்கிக் குளித்தேன். டைரியில் முந்தின நாள் குறிப்பில் விட்டுப்போயிருந்த ஒரு வரியைச் சேர்த்தேன். எட்டு மணிக்கு ஸ்டோர் பூட்டின் அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துத் திறந்தேன். அன்று சிமெண்டு கேட்டு வந்தவர்கள் குறைவு. மண்வெட்டிக்குக் காம்பு கேட்டு வந்தவர்கள் அதிகம். காலிச் சாக்குகளை உதறிக் கட்டி அடுக்கி முடிக்க மதியமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். இரவுச் சாப்பாடும் அப்போதே ஆக்கி மூடி வைக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு மாதமாக அதுவும் எங்கள் வழக்கத்தில் சேர்ந்துவிட்டது. விளக்கு வைத்த பிறகு என் மனைவி சமையலறைக்குள் போவதில்லை.

தென்பெண்ணையில் அணை கட்டும் வேலையில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து சில மைல் தள்ளி, வேலைக்காரர்களுக்காகவும் எங்களைப் போன்ற சிப்பந்திகளுக்காகவும் ஒரு கேம்ப் போட்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது செங்கல் சுவரும் தகரக் கூரையும் கொண்ட இரண்டு அறை வீடு. தீபாவளி கழிந்து அதில் குடியேறினோம். தை மாதம்வரை ஒரு குறையும் இல்லை. பிறகு பாத்திரம் தேய்க்க வருகிற பெண், எங்களுக்கு முன் அங்கிருந்த ஓவர்சியரின் மனைவி அந்தச் சமையலறையிலேயே காய்ச்சலில் விழுந்து செத்துப்போனதை என் மனைவியிடம் சொல்லிவிட்டாள். அன்று இரவிலிருந்து கூரையில் யாரோ நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சத்தம் உண்மைதான். எனக்கும் கேட்டது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்து விரிந்த தகரம் இரவுக் குளிரில் சுருங்கும்போது, ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் விளிம்புகள் உரசி டக் டக் என்று ஒலித்தன. மாசிப் பனி இறங்கும் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே படுத்தவர் எவருக்கும் இது தெரியும். நான் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஓவர்சியர் வீட்டம்மா கால் கொஞ்சம் சாய்த்து நடப்பவளாம், சத்தமும் ஒரு கால் அழுத்தி ஒரு கால் லேசாகத்தான் வருகிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஏணி வைத்து ஏறினேன். கம்பி கட்டுகிறவர்கள் வெட்டிப் போட்ட கட்டுக்கம்பித் துண்டுகளைக் கொண்டு, தளர்ந்திருந்த தகரங்களைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினேன். அன்றிரவு சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. மறுநாள் காலையில், இப்போது சரிதானே என்றேன்.

"நீங்க கட்டிப் போட்டா அது சும்மா இருக்குமா? இப்ப சத்தமில்லாம வருது."

இந்தப் பதிலுக்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். ஞாயிறு காலை பஸ்ஸில் ஊத்தங்கரைக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போவதாக முடிவு. வேறு வீடு கிடைத்தால் சொல்லியனுப்புங்கள் என்றாள். வேறு வீடு இல்லை. இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டில் நடுவே சாக்குத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்த காலம் அது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம், பிள்ளைகள் இல்லை. அவள் பிடிவாதத்தை நான் அறிவேன். இப்போது போனால் அணை முடிந்து எனக்கு வேறு ஊர் மாற்றலாகும்வரை திரும்ப மாட்டாள். தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது எனக்குப் பெரிய கஷ்டமில்லை. ஆனால் ஒரு தகரச் சத்தத்துக்காகக் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது என்று யாரிடமும் சொல்ல முடியாது.

இந்த நிலையில்தான் பேய்ப் படம் வந்தது. கேம்ப் சந்தைக்குப் பக்கத்துத் தரிசில் டூரிங் கொட்டகை போட்டு இரண்டு மாதமாகியிருந்தது. அந்த வாரம் அங்கே ஒரு பேய்ப் படம் ஓடுவதாக மாட்டு வண்டியில் தப்பட்டை அடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஆபீஸ் டிராப்ட்ஸ்மேன் அதைச் சேலத்தில் பார்த்தவர். பயங்கரமான படம், ஆனால் கடைசியில் பேயே இல்லை என்றார். செத்துப்போன அண்ணன் மனைவியைப் போல வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, சொத்துக்காகக் கொழுந்தன்தான் பங்களாவில் உலாவுகிறானாம். கடைசி ரீலில் போலீஸ்காரர் டார்ச் அடித்து முக்காட்டை இழுத்தால் உள்ளே மீசை.

அந்த மீசையை என் மனைவி பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு மாதமாக நான் வாயால் சொல்லி முடியாததை அந்த ஒரு டார்ச் வெளிச்சம் முடித்துவிடும். முடிவை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நானே ஜோடித்தது என்பாள். கண்ணால் பார்க்கட்டும்.

சனிக்கிழமை சாப்பிட்டு எழுந்ததும் கூப்பிட்டேன். கை கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"பேய்க்குப் பயந்து ஊருக்குப் போறவளப் பேய்ப் படத்துக்குக் கூப்புடற ஆம்பள ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

நான் வற்புறுத்தினேன். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "பாத்த பெறகும் எனக்கு மனசு ஆறலன்னா, காலைல நான் பஸ் ஏறும்போது நீங்க வாயத் தொறக்கக் கூடாது." நான் ஒப்புக்கொண்டேன். இத்தனை சுலபமாக ஒப்புக்கொண்டதே அவளுக்குச் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். புடவை மாற்றிக்கொண்டு வரும்வரை என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

அதற்கு முன் நான் பார்த்த படங்கள் எல்லாம் புராணப் படங்கள். பேய்ப் படம் இதுதான் முதல். கொட்டகை ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டு முடிந்து, டிக்கெட் கொடுப்பவர் ஜன்னலைச் சாத்தினார். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே மார்பளவு மண் சுவர். நான் சுவரை ஒட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் பாத்திரம் தேய்க்கும் பெண்ணோடு அந்தப் பக்கத்துப் பெஞ்சில். அவள் தலை மட்டும் எனக்குத் தெரிந்தது. எனக்குத் தேவை அதுதான்: கடைசி ரீலில் அந்தத் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும்.

படம் ஆரம்பித்தது. அதைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. எங்கள் கேம்ப்பில் மண் சுமக்கிறவர்கள் தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள், கல் உடைக்கிறவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் பாதிப் பேர் ஓசூருக்கு அப்பாலிருந்து வந்த கன்னடக்காரர்கள். படம் தமிழ். ஆகவே என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் தம் கூட்டாளிக்கு ஒவ்வொரு வசனத்தையும் கன்னடத்தில் சொன்னார். அதைக் கேட்டு அவருக்கு அடுத்திருந்தவர் தெலுங்கில் தம் மாமனாருக்குச் சொன்னார். மாமனாருக்குக் காது மந்தம். கன்னடக்காரர் முந்தின நாளும் படம் பார்த்தவர் போலிருக்கிறது. கதாநாயகன் விளக்கை எடுத்துக்கொண்டு படியேறத் தொடங்கும் முன்பே "பந்த்லு, பந்த்லு" என்று, வந்துவிட்டாள் என்று, அறிவித்துவிடுவார். தெலுங்கில் "ஒச்சிந்தி" வந்து சேரும்போது திரையில் பேய் பாதி தூரம் போயிருக்கும். மெதுவாகச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை திரும்பிக் கேட்டேன். இரண்டு தடவையும், கதை புரியவில்லையா என்று விசாரித்து எனக்குத் தமிழிலும் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அத்தனைக்கும் நடுவில் படம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பழைய பங்களா, நடுக்கூடத்தில் ஆளில்லாத ஊஞ்சல். காற்றில்லை, ஜன்னல் திரை அசையவில்லை. ஊஞ்சல் மட்டும் ஆடுகிறது. காமிரா அதன் அருகே மெல்லப் போகப் போக, யாரோ கால் ஊன்றி நிறுத்தியதுபோல் சட்டென்று நிற்கிறது. அவ்வளவுதான். கத்தலும் இல்லை, பல்லும் இல்லை. என் முழங்கையிலிருந்து தோள்வரை மயிர் நின்றது. பிறகு கிணற்றடியில் வெள்ளைப் புடவை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கொழுந்தன் என்று எனக்குத் தெரியும். மீசை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த முதுகு ஒரு பெண்ணின் முதுகாகவே இருந்தது, நீண்ட நாள் காய்ச்சலில் கிடந்து மெலிந்த பெண். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

கொட்டகையில் ஒரே மிஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்குப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். பேய் திரும்பப் போகிறது என்று எல்லாரும் மூச்சைப் பிடித்திருக்கும்போது பளிச்சென்று பல்பு எரியும், முறுக்குக்காரர் வந்து நிற்பார். அப்போதெல்லாம் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். என் மனைவி தலைமேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை என்னைப் பார்த்து, வேண்டுமா என்று கையைக் காட்டினாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

கடைசியில் போலீஸ்காரர்கள் பங்களாவைச் சுற்றிப் பதுங்கினார்கள். கதாநாயகன் கிணற்றடிக்குப் போனான். வெள்ளைப் புடவை மெல்லத் திரும்பத் தொடங்கியது. தோள் திரும்பியது, முக்காட்டின் ஓரம் தெரிந்தது. ரீல் முடிந்தது. விளக்கு எரிந்தது. நான் நாற்காலி நுனியில் இருந்தேன். இன்னும் ஒரே ரீல்.

வழக்கத்தைவிட நேரமாகியது. திரைக்கு முன்னால் ஒருவர் தட்டில் கற்பூரத்தோடு வந்து நின்றார். கொட்டகை முழுவதும் எழுந்து நின்றது. மாமனாரும் எழுந்தார். விளக்கு அணைந்தது. திரையில் சிங்க வாகனத்தில் அம்மன் வந்தாள்.

என்ன நடக்கிறது என்று எனக்குப் பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று. இது வேறு படம். பழைய புராணப் படத்திலிருந்து ஒரு ரீல். கோடு கோடாகக் கீறல் விழுந்தது. அம்மன் ஒரு பருத்த அசுரனைத் துரத்தினாள். மேகத்தில் சண்டை நடந்தது. சூலம் பாய்ந்து அசுரன் விழுந்தான். கிணற்றடியில் நின்ற மெலிந்த வெள்ளைப் புடவைக்கும் இந்தத் தொப்பைக்கும் என்ன உறவு என்று ஒருவரும் கேட்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தெலுங்கில் தேவியை அழைத்தார்கள், கன்னடத்தில் அழைத்தார்கள். கற்பூரத் தட்டு இரண்டு பக்கமும் சுற்றி வந்தது. மங்களம் பாடி, படம் முடிந்தது.

நான் நேராக டிக்கெட் ஜன்னலுக்குப் போனேன். கொட்டகைக்காரர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தெலுங்கு தாய்மொழி, தமிழும் நன்றாகப் பேசுவார். கடைசி ரீல் எங்கே என்று கேட்டேன்.

"பெட்டியில இருக்குது சார். எங்க போவும்?"

ஏன் போடவில்லை என்றேன். என்னை உட்காரச் சொல்லி, கோபப்படாமல் விவரித்தார். முதல் நாள் முழுப் படமும் போட்டாராம். மீசை தெரிந்ததும் கல் உடைக்கிறவர்கள் எழுந்து மணலை வாரித் திரையில் அடித்தார்களாம். பேய் என்று தப்பட்டை அடித்துக் கூப்பிட்டுவிட்டுக் கொழுந்தனைக் காட்டுவதா, எங்கள் வீட்டிலேயே இருக்கிறானே கொழுந்தன் என்று கேட்டார்களாம். அன்று கூடாரத்துணி ஒரு பக்கம் கிழிந்தது. இரண்டாம் நாள் பெண்கள் பக்கத்திலிருந்து வேறு புகார். பேயைக் கூப்பிட்டு வைத்துவிட்டு அனுப்பி வைக்காமல் கொட்டகையை மூடினால், அது யார் பின்னாலாவது வீட்டுக்கு வந்துவிடாதா என்றார்களாம். அதனால்தான் அம்மன் ரீல். லைசென்ஸில் போட்ட நேரத்துக்குள் ஆட்டத்தை முடிக்க வேண்டும். ஒரு ரீல் நுழைந்தால் இன்னொரு ரீல் வெளியே போக வேண்டும்.

"நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க சார், எத எடுக்கறது?"

நான் அந்த ரீலை ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னேன். இரண்டாம் ஆட்டத்துக்கு ஆட்கள் நிற்கிறார்கள் என்றார். நாளை பகலில் என்றேன். கூடாரத்தில் பகலில் என்ன தெரியும் என்றார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆபரேட்டரிடம் போய்க் கேளுங்கள் என்றார்.

என் மனைவியை அழைத்துக்கொண்டு மிஷின் ரூமுக்குப் போனேன். ஆபரேட்டர் ஒரு வட்டத் தகர டப்பாவைத் திறந்து, படச்சுருளின் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, தேடி, பல்புக்கு எதிரே பிடித்தார். நகத்தளவு கட்டங்கள். ஒன்றில் முக்காடு, அடுத்ததில் பாதி முகம், அதற்கடுத்ததில் மீசை. நான் பார்த்துவிட்டு அவளைப் பார்க்கச் சொன்னேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"மீசக்காரன் ஒருத்தன் பொடவ கட்டிக்கினு நிக்கறான்."

"அவன்தான் பேய்," என்றேன். "கொழுந்தன். சொத்துக்காக வேஷம் போட்டவன். பேய்னு ஒண்ணு கதையிலயே கெடையாது."

அவள் இன்னொரு தரம் பார்த்தாள். "போலீசு வந்து பிடிச்சா பேய் பேயாவே நிக்குமா? ஆம்பளயா மாறிக்கிச்சு. அதுக்கு அந்த அறிவுகூட இருக்காதா?"

ஆபரேட்டர் சுருளைச் சுற்றிக்கொண்டே, அம்மா சொல்வதும் சரிதான் சார் என்றார்.

வெளியே வந்தபோது பௌர்ணமி கழிந்த நிலா மேலே வந்திருந்தது. சாலையில் ஓட்டுக் கேட்கும் ஜீப் ஒன்று மூன்று மொழியிலும் கூவிக்கொண்டு போயிற்று. அது தாண்டியதும் நான் ஆரம்பித்தேன். வீடு வரும்வரை நிறுத்தவில்லை. பேய் இருந்தது ஒரு படம், அம்மன் இருந்தது வேறு படம் என்றேன். இரண்டையும் எடுத்தவர்கள் வேறு, நடித்தவர்கள் வேறு, அம்மன் கொன்றது வேறு யாரையோ, இந்தப் பேய் கிணற்றடியிலேயே அப்படியே நிற்கிறது என்றேன். அவள் வலது கையை மூடியபடியே நடந்தாள். கற்பூரத் தட்டில் எடுத்த குங்குமம் அந்தக் கையில் இருந்தது.

"வேற படம்னா என்ன? வேற அம்மனா?"

அதற்குள் வீட்டு வாசல் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் சமையலறை நிலையில் குங்குமம் வைத்தாள். பிறகு சிம்னி விளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் இரவில் ரசம் சூடாக வந்தது. ஓவர்சியர் வீட்டம்மாவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பாவம், அவளுக்கு ரசம் வைத்துக் கொடுக்க யாருமில்லாமல் போயிற்று என்று மட்டும், பரிமாறும்போது சொன்னாள். நான் விரும்பியது நடந்துகொண்டிருந்தது. நான் சொன்ன ஒரு காரணத்தாலும் இல்லை. அந்த ரசம் எனக்கு ருசிக்கவில்லை. காலையில் பஸ்ஸுக்குப் போகிறாயா என்று கேட்டேன். "காலைல பாக்கலாம்" என்றாள். கட்டின பெட்டி கட்டினபடியே சுவரோரம் இருந்தது.

அவள் படுத்ததும் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. கொட்டகைக்காரரிடம் இன்னும் கண்டிப்பாகப் பேசியிருக்கலாம் என்று நினைத்தேன். கன்னடக்காரருக்கு மூன்றாவது தடவை என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு இவை எல்லாம் தீர்ந்துபோய், ஊஞ்சல் மிச்சமிருந்தது. கால் ஊன்றி நிறுத்தியதுபோல் நின்ற ஊஞ்சல். அது கொழுந்தனின் வேலைதான். ஆனால் அதை அவன் எப்படி நிறுத்தினான் என்று அந்த நகத்தளவுக் கட்டங்களில் இல்லை. முழு ரீலைப் பார்த்தால் ஒருவேளை இருக்கும். இன்றுவரை நான் அதைப் பார்க்கவில்லை. போன வருஷம் தர்மபுரிக்கு அதே படம் வந்தபோது காய்ச்சலில் கிடந்தேன்.

கூரையைக் கவனித்தேன். வெளியே நல்ல குளிர். தகரம் சுருங்கியிருக்க வேண்டும், சத்தம் வர வேண்டும். நான் கட்டிய கட்டு பலமாக இருந்தது. ஒரு சின்ன டக் கூட வரவில்லை. சத்தமில்லாம வருது என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு சமையலறைப் பக்கம் முதுகைக் காட்டிப் படுக்க என்னால் முடியவில்லை.

பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை. வெளிச்சம் வந்ததும், பல்லும் துலக்காமல், தண்ணீரும் எடுத்து வைக்காமல், ஏணியைக் கொண்டுவந்து சாத்தினேன். மேலே ஏறிக் குறடால் கட்டுக்கம்பிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். நான்காவதோ ஐந்தாவதோ அவிழ்க்கும்போது ஏணி ஆடுவது நின்றது. குனிந்து பார்த்தேன். என் மனைவி இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது மேட்டுச் சாலையில் ஊத்தங்கரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஏணியின் மேலிருந்து எனக்கு அது நன்றாகத் தெரிந்தது; கீழிருந்து அவளுக்குத் தெரிந்திருக்காது. சந்தைத் திருப்பத்தில் அது மறையும்வரை பார்த்துவிட்டு, அடுத்த கம்பியை அவிழ்த்தேன்.